மாங்காய் வண்டிக்குக் காற்றுப் பை தேவையா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மலையடிவாரத் தோப்புகளிலிருந்து சப்பட்டை மாங்காய் ஏற்றி வருபவர்களுக்கு ஒரு விஷயம் அனுபவத்தில் தெரியும். பறிக்கும்போது பளபளவென்று இருந்த காய், மண்டிக்குப் போய்ப் பழுக்கும்போது தோலில் கறுப்புத் திட்டு காட்டும். வண்டியின் வால் பக்கத்திலும் மேல் அடுக்கிலும் இருந்த காய்களுக்கே அடி அதிகம். பின் அச்சைத் தாண்டி நீண்டிருக்கும் பகுதிதான் குண்டும் குழியுமான தோப்புப் பாதையில் அதிகமாகத் தூக்கிப் போடும்.

ஆம்னி பஸ்களில் உள்ளது போன்ற காற்றுப் பையைக் குட்டி யானைக்கும் பிக்கப்புக்கும் மாட்டினால் இந்தச் சேதம் நிற்குமா? பாதி நிற்கும் என்பதே சரியான பதில். பஸ்ஸில் கமான் பட்டைகளை எடுத்துவிட்டு, முழு பாரத்தையும் காற்றின் மேலேயே வைக்கிறார்கள். அதனால்தான் அது தொட்டில் போல் ஆடுகிறது. சிறிய வண்டிக்குக் கடையில் கிடைப்பது துணைப் பை. கமான் பட்டை அப்படியே இருக்க, அச்சுக்கும் சேஸிசுக்கும் நடுவில் இதை வைக்கிறார்கள். இது கமானை மெதுவாக்காது. முழு பாரத்தில் வண்டி அமிழ்ந்து அடி தட்டாமல் தாங்கும். அவ்வளவுதான்.

ஆகவே வாங்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கவும். பின் அச்சுக்கு மேலே சேஸிசில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அதில் சுண்ணாம்பு பூசி, வழக்கமான பாரத்தோடு ஒரு நடை போய் வரவும். சுண்ணாம்பு அழிந்து அச்சில் ஒட்டியிருந்தால் பை பயன்படும். ஒட்டவில்லை என்றால் பணத்தை அதில் போட வேண்டாம். தேய்ந்த புஷ், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர் இவற்றை மாற்றுங்கள். டயரில் காற்றைக் கல்லாக ஏற்றி வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். பல வண்டிகளின் கையேட்டில் காலி வண்டிக்கு ஓர் அளவு, முழு பாரத்துக்கு ஓர் அளவு என்று தனித்தனியே கொடுத்திருப்பார்கள்.

பை வாங்குவதென்றால் முதலில் அளவு. பையின் வேலை செய்யும் குறுக்களவு 4 அங்குலம் என்றால் பரப்பு சுமார் 12½ சதுர அங்குலம். அதில் 30 பவுண்டு காற்று வைத்தால் 375 பவுண்டு, அதாவது சுமார் 170 கிலோ தாங்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 340 கிலோ. முக்கால் டன் வண்டிக்கு இது தாராளம். காலி வண்டியிலும், முழு பாரத்திலும், ஜாக்கி போட்டுத் தூக்கிய நிலையிலும் அச்சுக்கும் சேஸிசுக்கும் உள்ள இடைவெளியை அளந்து கொண்டு போய்க் கடையில் காட்டவும். ஊதிய பையைச் சுற்றி ஓர் அங்குலமாவது இடம் வேண்டும். சைலன்சர் அருகே வந்தால் ரப்பர் வெந்துவிடும்.

இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைத்துத் தருவார்கள், மலிவு. ஒத்துக்கொள்ளாதீர்கள். வண்டி ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, சாய்வைக் கூட்டும். தேங்காயை உயரமாக அடுக்கியிருந்தால் ஆபத்து. தனித்தனி வால்வே வேண்டும். பஞ்சர் கடையில் காற்றடிக்கும் வால்வு போதும். கம்ப்ரஸர், தொட்டி எல்லாம் நமக்கு வீண் செலவு. பாரம் இறக்கியதும் காற்றைக் குறைக்கலாம், ஆனால் முழுவதும் விடக்கூடாது. தயாரிப்பாளர் சொன்ன குறைந்த அளவு எப்போதும் இருக்க வேண்டும்; இல்லையேல் ரப்பர் மடிப்பில் கடிபட்டுக் கிழியும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. சில பிக்கப் வண்டிகளில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு இருக்கிறது. வண்டி அமிழ்ந்தால் பாரம் இருப்பதாகக் கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும்; உயர்ந்திருந்தால் காலி வண்டி என்று குறைத்துவிடும். பையில் காற்றேற்றிப் பின்புறத்தை உயர்த்தினால் வால்வு ஏமாந்து போகும். செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்கு மலைப்பாதையில் இறங்குபவர்கள் இதை அலட்சியம் செய்யக்கூடாது. இந்த வால்வு உள்ள வண்டியானால், கம்பெனி பட்டறையில் கேட்காமல் பை மாட்ட வேண்டாம்.

பை போட்டதால் ஏற்றக்கூடிய எடை கூடாது. பதிவுச் சான்றில் உள்ள எடைதான் எடை. அந்தச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது.

மாட்டிய அன்றே இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்கவும். மறுநாள் காலை குளிர்ச்சியில் ஓரிரு பவுண்டு இறங்குவது இயல்பு. அதற்கு மேல் இறங்கியிருந்தால் மாட்டியவரிடமே வண்டியைத் திரும்பக் கொண்டு போங்கள்.