தலையைக் காக்கும் ஆணி

நுவரெலியாவில் ஏப்ரல் வந்தால் வசந்தகாலம். அங்கே மாகாஸ்தோட்டைத் தேயிலைச் சரிவுகளினூடே வளைந்தேறும் பாதையில், 1934ஆம் ஆண்டு தொடங்கிய மலையேற்ற மோட்டார்ப் பந்தயத்தை நாம் அறிவோம். சீறிப் பாயும் அவ்வண்டிகளின் எஞ்சினுக்குள்ளே சிறியதோர் ஆணி சுமக்கும் பெரும் பாரத்தை எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

சிலிண்டரின் மேல் மூடியாகிய 'ஹெட்'டை அடிப்பாகத்துடன் இறுக்கிப் பிடிப்பது அவ்வாணியே. பிடி தளர்ந்தால் இடையிலுள்ள 'கேஸ்கட்' பழுதாகும். தண்ணீரும் எண்ணெயும் கலந்து எஞ்சினே பாழாகலாம்.

போல்ட்டை இறுக்கும்போது அது முறுக்கத்தையும் இழுப்பையும் ஒருங்கே தாங்குகின்றது. ஸ்டட்டையோ முதலில் கையாலேயே அடிப்பாகத்தில் செலுத்திவிட்டு, மேலே நட்டை மட்டும் முறுக்குகிறோம். ஆதலால் அது பெரிதும் நேராகவே இழுபடுகின்றது. பிடியும் சீராக அமைகின்றது. அடிக்கடி ஹெட்டைக் கழற்றினாலும் அடிப்பாகத்தின் புரி தேய்வது குறைவு. பந்தய வண்டிக்கு ஏற்றது இதுவே.

ஆனால் ஸ்டட்டுக்கு விலை அதிகம்; ஹெட்டை நேரே மேலே தூக்க இடமும் வேண்டும். அட்டன் கடைவீதிக்குப் போய்வரும் நம் வீட்டு வண்டிக்கு, தயாரிப்பாளர் குறித்த அளவிலும் வரிசையிலும் முறுக்கிய நல்ல போல்ட்டே போதும். இக்கால வண்டிகள் பலவற்றில் ஒருமுறை கழற்றிய போல்ட்டை மீண்டும் பூட்டலாகாது. அங்கே சிக்கனம் பார்த்தால் எஞ்சினையே இழக்க நேரிடும்.