பதினாறு வயது உலக சாம்பியனும் சில கணக்குகளும்

2005ஆம் ஆண்டு தைவானின் காவ்சியுங் நகரில் நடைபெற்ற உலக நைன்-பால் பூல் போட்டியின் இறுதியாட்டம் 17-16 என்ற கணக்கில் முடிந்தது. வென்றவர் வூ ஜியா-சிங். அப்போது அவருக்கு வயது 16. தோற்றவர் அதே நாட்டைச் சேர்ந்த குவோ போ-செங். எய்ட்-பால் உலகப் பட்டத்தையும் அதே ஆண்டில் வூ கைப்பற்றினார். அதற்குப் பிறகு, இளையோர் பட்டம் வென்ற ஒருவர் பெரியவர்களின் களத்தில் இறங்கும்போதெல்லாம், வூவின் பெயர் சான்றாக இழுத்து வரப்படுகிறது. அவரால் முடிந்ததென்றால் இவராலும் முடியாதா என்பது வாதம். கடைசிச் சுற்று மட்டும் வேறு பக்கம் சாய்ந்திருந்தால் நைன்-பாலில் அந்தச் சான்றே இருந்திராது என்பதை இப்படி வாதிடுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆட்டத்தின் அமைப்பை முதலில் பார்த்துவிடலாம். மேசையில் 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகள். வெள்ளைப் பந்து ஒவ்வொரு முறையும், மேசையில் எஞ்சியவற்றுள் மிகக் குறைந்த எண்ணுள்ள பந்தையே முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை முறைப்படி குழியில் வீழ்த்துபவருக்கு அந்தச் சுற்று. பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியிலேயே ஒன்பதாம் பந்து விழுந்துவிட்டால் சுற்று அங்கேயே முடிந்துவிடும். ஒருவர் சிதறடித்து, வரிசையாக எல்லாவற்றையும் வீழ்த்தினால், எதிராளி நாற்காலியை விட்டு எழவே நேராது. ஆக, ஒரு சுற்றில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது.

அந்த அதிர்ஷ்டத்தை மட்டுப்படுத்துவது ஆட்டத்தின் நீளம். அனுபவசாலி ஒரு சுற்றை வெல்லும் வாய்ப்பு 55 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். முதலில் 5 சுற்றுகளை வெல்பவருக்கு வெற்றி என்றால், அவர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு சுமார் 62 விழுக்காடு. 15 சுற்றுகள் என்றால் அது சுமார் 70 ஆகிறது. அப்போதும் பத்துக்கு மூன்று முறை இளையவர் வெல்வார் என்பதையும் மறக்கக் கூடாது. நான் ஒரு முடிவுப் பட்டியலைப் பார்க்கும்போது வென்றவர் பெயருக்கு முன்பாக எத்தனை சுற்று ஆட்டம் என்பதைத்தான் தேடுவேன். குறுகிய ஆட்டத்தில் உலக சாம்பியனை ஒரு சிறுவன் வீழ்த்தினான் என்பது நல்ல தலைப்புச் செய்தி. திறனுக்கு அளவுகோல் அன்று.

யார் முதலில் சிதறடிப்பது என்ற விதியும் கவனிக்கத்தக்கது. வென்றவரே அடுத்த சுற்றையும் தொடங்கும் முறையில், கை ஓடும் இளைஞர் நான்கைந்து சுற்றுகளைத் தொடர்ந்து அள்ளிவிடலாம். மாறி மாறித் தொடங்கும் முறையில் எதிராளிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

பூலில் இதற்கெனவே ஃபார்கோ என்ற தரமதிப்பீடு உண்டு. இருவருக்குமிடையே 100 புள்ளி வேறுபாடு இருந்தால், வலியவர் 2 சுற்று வெல்லும் இடத்தில் எளியவர் 1 சுற்று வெல்வார் என்பது அதன் அடிப்படை. இளையோர் பட்டத்தைவிட இந்த எண்ணையே நான் நம்புகிறேன். பட்டம் சொல்வது சம வயதினரில் அவர் முதல்வர் என்பதை மட்டுமே. அந்த முதலிடத்துக்கும் பெரியவர்களின் களத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பட்டம் சொல்லாது.

எண்களில் எளிதில் தெரியாத ஒன்று தற்காப்பு ஆட்டம். பந்தை வீழ்த்துவதில் பதினாறு வயதுக் கண்ணும் கையும் யாருக்கும் குறைந்தவை அல்ல. பல சமயம் கூடுதலே. ஆனால் வீழ்த்த வழியில்லாதபோது வெள்ளைப் பந்தை மற்றொரு பந்தின் பின்னால் ஒளித்துவைத்து எதிராளியைத் திணறடிப்பதும், அப்படி ஒளிக்கப்பட்டபோது மேசையின் விளிம்பில் மோதவிட்டுக் குறித்த பந்தைத் தொட்டு மீள்வதும் வேறு கலை. பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெய்ஸ் இதில் நிகரற்றவர். அவர் 1999இல் கார்டிஃபில் நைன்-பால் உலகப் பட்டம் வென்றபோது வயது 44. இளம் வீரர் பந்துகளை வீழ்த்தும் காணொளிகளைக் காட்டி அவரைப் புகழ்பவர்களிடம், அவர் வீழ்த்தாமல் விட்ட அடிகளைக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இவையெல்லாம் வெறும் ஊகப் பொழுதுபோக்கு அன்று. இத்தகைய தீர்ப்புகளை நம்பித்தான் ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்துவதா, வெளிநாட்டுப் பயணங்களுக்குக் கடன் வாங்குவதா என்று வீட்டார் முடிவெடுக்கிறார்கள். தோல்விக்குப் பின் 'எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிவிட்டார்' என்ற பழியையும் அந்தப் பிள்ளைதான் சுமக்கிறது. வூவுக்கேகூட நைன்-பால் உலகப் பட்டம் மீண்டும் வாய்க்கவில்லை. அதனால் அவர் திறமையற்றவர் ஆகிவிடவில்லை. அந்தக் களம் அவ்வளவு நெருக்கமானது.

இளமைக்கு எதிராகவும் நான் வாதிடவில்லை. ஜெர்மனியின் ஜோஷுவா ஃபில்லர் 2018இல் 21 வயதிலும், ரஷ்யாவின் ஃபெடோர் கோர்ஸ்ட் 2019இல் 19 வயதிலும் தோஹாவில் இதே பட்டத்தை வென்றார்கள். கோர்ஸ்ட் பின்னர் அமெரிக்காவுக்காக ஆடி, 2024இல் ஜெட்டாவில் அல்பேனியாவின் எக்லென்ட் காச்சியை 15-14 என்று வீழ்த்தி மீண்டும் சாம்பியனானார். மறு ஆண்டு அதே நகரில் இறுதியாட்டத்தில் அவரை எதிர்கொண்டவர் பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோ. இருவருக்கும் ஏறத்தாழ 17 வயது இடைவெளி. பியாடோ 15-13 என்று வென்றார்.