வழியில் ஓர் இரவு

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம், பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் குடும்பங்கள் பல உண்டு. உங்கள் தாத்தாவும் பாட்டியும் கோடையில் சான் பிரான்சிஸ்கோ புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் 4 மணி நேரப் பயணம். அங்கிருந்து மேலும் 15 மணி நேரம் போல விமானத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஓர் இரவு விடுதியில் தங்கினால் நல்லதா, வீண் செலவா? வீட்டில் இப்படிப் பேச்சு எழுந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

முதலில் விமானத்தின் உள்ளே பார்ப்போம். பறக்கும்போது அங்குள்ள காற்றழுத்தம், 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலைமேல் இருப்பதற்குச் சமம். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். காற்றின் ஈரப்பதமோ பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. தொண்டை வறளும். அசையாமல் உட்கார்ந்திருப்பதால் காலில் இரத்தம் தேங்கி வீங்கும். சிலருக்கு இரத்தம் உறைவதும் உண்டு.

விடுதியில் இவற்றுக்கெல்லாம் மாற்று கிடைக்கிறது. நடக்கலாம், கால் நீட்டிப் படுக்கலாம். வெந்நீரில் குளித்தால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. பிறகு அவற்றின் வழியே உடலின் உள்வெப்பம் வெளியேறுகிறது. உள்வெப்பம் சற்றுத் தணியும்போது தூக்கம் எளிதாக வருகிறது.

ஆனால் களைப்பு வேறு, நேரக் குழப்பம் வேறு. நம் மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஓர் உயிர்க் கடிகாரம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், வெயிலும் கடிகாரமும் எட்டாத அறை ஒன்றை அமைத்து, அதில் தங்கியவர்களின் தூக்கத்தை ஆராய்ந்தார். நேரம் தெரியாவிட்டாலும் உடல் தன் கணக்குப்படி உறங்கி விழிக்கிறது என்பதை இத்தகைய ஆய்வுகள் காட்டின. இந்தக் கடிகாரம் செல்களுக்குள் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கடிகாரத்தைப் புதிய ஊருக்கு ஏற்பத் திருப்பி வைப்பது முக்கியமாகச் சூரிய ஒளிதான். அதுவும் நாளுக்குச் சுமார் 1 மணி நேரம்தான் நகரும். கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறி, ஏப்ரல் 14-இல் லண்டன் சேர்ந்தார். இரு ஊர்களின் சூரிய நேரத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு 321 நிமிடம். 28 நாட்களால் வகுத்துப் பாருங்கள்: நாளுக்குப் பதினொன்றரை நிமிடம்! உடல் சிரமமின்றி ஈடுகொடுக்கக்கூடிய வேகம் இது. விமானம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி மட்டுமே முன்னால். அங்கே நள்ளிரவு என்றால் மயிலாப்பூரில் இரவு 9.30. ஊரின் இரவும் உடலின் இரவும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் தாத்தா நன்றாகத் தூங்குவார். சான் பிரான்சிஸ்கோவிலோ, கோடையில் இரவு 10 மணி என்பது மயிலாப்பூரில் மறுநாள் காலை 10.30. மெத்தை எவ்வளவு நன்றாக இருந்தாலும், கபாலீசுவரர் கோயில் குளத்தங்கரையில் வெயில் ஏறிவிட்ட நேரத்தில் உடல் தூங்குமா?

ஆகவே, வழியில் தங்குவது வீணல்ல. முதியவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அது தீர்ப்பது களைப்பை மட்டுமே. நேரக் குழப்பம் தீர, போய்ச் சேர்ந்த ஊரில் பகலில் வெளியே நடக்க வேண்டும், இரவில் அறையை இருட்டாக வைக்க வேண்டும். முதல் வாரத்தில் முக்கிய வேலைகளையும் நீண்ட கார் பயணங்களையும் தள்ளிப்போடுவது நல்லது.

உங்களுக்கு ஒரு கணக்கு: நேர வேறுபாடு பன்னிரண்டரை மணி; உயிர்க் கடிகாரம் நாளுக்கு 1 மணி நகர்கிறது. தாத்தா முழுதும் சீராக எத்தனை நாள் ஆகும்? விடையைக் கண்டுபிடித்து, அவர் பெட்டி கட்டும்போதே சொல்லிவிடுங்கள்.