புத்தகத்தில் இருக்கும் கறுப்புக் கட்டம் எதற்கு?



ஆவடி பக்கம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு அக்கா கேட்டார்: "கிரகணம் எப்படி வருதுன்னு பையன் கேக்குறான். நான் அஞ்சாவதோட நின்னவ. என்னத்த சொல்றது?" பலரும் தலையாட்டினார்கள். 'எனக்குத் தெரியாது, மிஸ்ஸைக் கேளு' என்று சொல்லும்போது மனசு சங்கடப்படுகிறது இல்லையா?

உங்கள் பிள்ளையின் பாடப் புத்தகத்தைப் புரட்டுங்கள். சில பக்கங்களில் கறுப்புக் கட்டம் ஒன்று இருக்கும். மளிகைக் கடையில் பணம் அனுப்ப ஸ்கேன் பண்ணுகிறோமே, அதே மாதிரிதான். 2018-ல் தமிழ்நாட்டில் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கியபோது இந்தக் கியூஆர் கோடும் சேர்ந்து வந்தது. தீக்‌ஷா என்ற இலவச ஆப்பை போனில் ஏற்றி, அதில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான வீடியோ போன்றவை வரும். 2023-ல் நம் பள்ளிக் கல்வித்துறை மணற்கேணி என்ற ஆப்பையும் கொண்டு வந்தது.

படம் அசையும்போது என்ன லாபம்? கிரகணத்தையே எடுத்துக்கொள்வோம். சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவே பூமி வந்தால், பூமியின் நிழல் நிலா மேல் விழும். அது சந்திர கிரகணம். நிலா நடுவே வந்து சூரியனை மறைத்தால் சூரிய கிரகணம். வாயால் சொன்னால் குழம்பும். உருண்டைகள் நகர்வதைக் கண்ணால் பார்த்தால் சட்டென்று பிடிபடும். புரியலையா? திரும்பப் போடலாம். நாலு தடவை கேட்டாலும் யாரும் திட்ட மாட்டார்கள்.

ஆனால் பார்த்தால் மட்டும் போதாது. வெளிநாட்டில் 2012-ல் தொடங்கிய டெட்-எட் பாடங்களில், ஆசிரியர் சொல்வதை ஓவியர்கள் அசையும் படமாக்குகிறார்கள். பெரும்பாலும் ஐந்தாறு நிமிடம்தான். அதோடு கேள்விகளும் இருக்கும். அந்த வேலையை வீட்டில் நாம் செய்யலாம்:

• பார்க்கும் முன், "உனக்கு என்ன தெரியும்?" என்று கேளுங்கள்.
• பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.
• முடிந்ததும், "எனக்குச் சொல்லிக் கொடு" என்று உட்காருங்கள். எலுமிச்சம்பழத்தையும் டார்ச்சையும் வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இதற்கு நாம் படித்திருக்க வேண்டியதில்லை.

"போன் ஒண்ணுதான் இருக்கு. அதையும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்கு எடுத்துட்டுப் போயிடறேன்" என்பவர்களும் உண்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். தீக்‌ஷாவில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு நெட் இல்லாமலும் பார்க்கலாம். டிவி இருக்கும் வீட்டில், 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் உண்டு. பாடம் முடிந்ததும் போனை வாங்கி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வீடியோ பத்தாகிவிடும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பாடப் புத்தகமும் ஒரு போனும் கொண்டு வாருங்கள். தவணை எழுதி முடித்ததும் ஒரு பாடம் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை. அஞ்சாவதோடு நின்றுபோன நமக்காகவும்தான்.