இரவல் வந்த உத்தியோகஸ்தர் யாருடைய ஆள்?

கல்யாண வீட்டில் வேலை அதிகம். அடுத்த வீட்டுக்காரர் தம்முடைய கணக்குப்பிள்ளையைப் பத்து நாளைக்கு அனுப்பி வைக்கிறார். சம்பளத்தையும் அவரே கொடுத்துவிடுகிறார். நல்ல உதவிதான்!

ஆனால், அந்தக் கணக்குப்பிள்ளை தினமும் இரவில் பழைய முதலாளியிடம் போய், "இன்று அந்த வீட்டில் இன்னின்ன நடந்தது" என்று சொன்னால்? உதவிக்கு வந்தவர் ஒற்றர் ஆகிவிடுகிறார் அல்லவா?

அமெரிக்காவில் 1975-ம் ஆண்டு இப்படி ஒரு சந்தேகம் கிளம்பியது. கல்யாண வீடு எது தெரியுமா? ஜனாதிபதியின் வெள்ளை மாளிகை! அடுத்த வீட்டுக்காரர் யார்? வெளிநாடுகளில் உளவு பார்க்கும் சி.ஐ.ஏ. இலாகா!

பரபரப்பான புகார்

அமெரிக்காவின் பாராளுமன்றத்துக்குக் "காங்கிரஸ்" என்று பெயர். அதில் செனட், பிரதிநிதிகள் சபை என்று இரண்டு சபைகள். வாட்டர்கேட் ஊழலில் சிக்கி, ஜனாதிபதி நிக்சன் 1974-ல் பதவி விலகினார். மறு வருஷம் இரண்டு சபைகளும் உளவு இலாகாக்களை விசாரிக்கத் தனித்தனியே கமிட்டி போட்டன. செனட் கமிட்டிக்கு பிராங்க் சர்ச் தலைவர். பிரதிநிதிகள் சபைக் கமிட்டிக்கு ஜூலை முதல் ஓடிஸ் பைக் தலைவர்.

அந்த ஜூலை மாதத்தில் ஒரு குண்டு விழுந்தது. "நிக்சனிடம் வேலை பார்த்த அலெக்சாண்டர் பட்டர்பீல்டு, சி.ஐ.ஏ.யின் ஆள்" என்று ஓய்வு பெற்ற விமானப்படைக் கர்னல் ஒருவர் புகார் சொன்னார். நிக்சனின் பேச்சுக்கள் ரகசியமாக ஒலிப்பதிவு ஆனதை 1973-ல் வெளியிட்டவர் இந்தப் பட்டர்பீல்டுதான். கேட்க வேண்டுமா? ஊரெங்கும் இதே பேச்சு!

பட்டர்பீல்டு அடியோடு மறுத்தார். புகாருக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. "வெள்ளை மாளிகையில் நாங்கள் ஒற்றர்களை நுழைக்கவில்லை" என்று சி.ஐ.ஏ. தலைவர் கால்பியும் மறுத்தார்.

புகார் பொய்த்துப் போயிற்று. ஆனால் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சி.ஐ.ஏ. ஊழியர்கள் வேறு காரியாலயங்களுக்கு இரவல் போவது வெகு காலமாக உள்ள வழக்கம்!

இரவல் எதற்கு?

இதில் தப்பில்லை. நம் ஊர் சர்க்கார் உத்தியோகத்திலும் "டெபுடேஷன்" உண்டு. ஒரு இலாகாவின் ஊழியர், சில காலம் இன்னொரு இலாகாவில் வேலை பார்க்கிறார். அயல்நாட்டு விவகாரம் தெரிந்த நிபுணர் வெள்ளை மாளிகைக்கு வேண்டும். அப்படிப்பட்டவர் சி.ஐ.ஏ.யில் இருக்கிறார். அனுப்புகிறார்கள்.

சிக்கல் மூன்று இடத்தில் வருகிறது. அவர் எங்கிருந்து வந்தவர் என்று போன இடத்தில் தெரியுமா? அங்கே நடப்பதை அவர் யாரிடம் சொல்லுவார்? அவர் சம்பளம் யார் கணக்கில் எழுதப்படுகிறது?

சம்பளக் கேள்வி லேசானது அல்ல. சர்க்கார் பணத்துக்கு அனுமதி கொடுப்பது காங்கிரஸ். வெள்ளை மாளிகையில் வேலை செய்பவரின் சம்பளம் வேறு இலாகாவின் கணக்கில் இருந்தால், வெள்ளை மாளிகைக்கு உண்மையில் எத்தனை பேர் என்பது காங்கிரசுக்கு எப்படித் தெரியும்?

தலைவருக்குத் தெரிந்தால் போதுமா?

போதைப்பொருள் தடுப்பு இலாகாவில் நடந்ததைக் கேளுங்கள். தம் ஊழியர்களில் சிலர் லஞ்சம் வாங்குவதாக அதன் தலைவருக்குச் சந்தேகம். 1970-ல் சி.ஐ.ஏ.யின் உதவியைக் கேட்டார். சி.ஐ.ஏ. ரகசியமாக ஆள் சேர்த்து அந்த இலாகாவுக்குள் அனுப்பியது. கூட வேலை செய்தவர்களுக்கு இது தெரியாது!

தலைவரே கேட்டுத்தானே வந்தார்கள்? ஆனாலும் தவறு என்றது, 1975-ல் உதவி ஜனாதிபதி ராக்பெல்லர் தலைமையில் விசாரித்த கமிஷன். சி.ஐ.ஏ.யை உண்டாக்கிய 1947-ம் வருஷச் சட்டம், உள்நாட்டில் போலீஸ் வேலை பார்க்கக் கூடாது என்று அதற்குத் தடை போட்டிருக்கிறது. அந்தத் தடையை மீறிய செயல் இது என்று கமிஷன் சொல்லிவிட்டது.

வந்தது விதி

1976 பிப்ரவரியில் ஜனாதிபதி போர்டு ஒரு உத்தரவு போட்டார். இரவல் போன ஊழியர், போன இடத்துக்கே கட்டுப்பட்டவர். அங்கே நடப்பதை, அவர்கள் சொன்னாலொழிய, பழைய இலாகாவுக்குச் சொல்லக் கூடாது. அவர் எந்த இலாகாவின் ஆள் என்பது, போன இடத்தின் தலைவருக்குத் தெரிய வேண்டும். தலைவர் மாறினால், புதிதாக வருகிறவருக்கும் தெரிய வேண்டும்! 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் போட்ட உத்தரவிலும் இதே விதிகள் இருந்தன.

ஆனால், ஒரு ஜனாதிபதி போட்ட உத்தரவை அடுத்தவர் மாற்றலாம். கார்ட்டர் உத்தரவை நீக்கிவிட்டு, 1981-ல் ரீகன் வேறு உத்தரவு போட்டார். சட்டம் அப்படி அல்ல. அதை மாற்றக் காங்கிரஸ் வேண்டும்.

1978-ல் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. வெள்ளை மாளிகைக்கு இரவல் வந்தவர் ஒரு நிதியாண்டில் 180 நாளுக்கு மேல் இருந்தால், அதற்கு மேற்பட்ட நாட்களின் சம்பளத்தை வெள்ளை மாளிகை திருப்பிக் கொடுக்க வேண்டும். இரவல் ஆட்கள் எத்தனை பேர் என்று வருஷா வருஷம் காங்கிரசுக்குக் கணக்கும் காட்ட வேண்டும். உளவு இலாகாக்களைக் கண்காணிக்க, செனட் 1976-லும், பிரதிநிதிகள் சபை 1977-லும் நிரந்தரக் கமிட்டிகளை அமைத்தன.

பூட்டிய கதவும் திறந்த கதவும்

அத்தோடு தீர்ந்ததா? இல்லை! நிகரகுவா நாட்டுக் கலகக்காரர்களுக்கு சி.ஐ.ஏ. உதவக் கூடாது என்று 1984-ல் காங்கிரஸ் தடுத்தது. ஆனால் வெள்ளை மாளிகையின் பாதுகாப்பு சபைக் காரியாலயத்திலிருந்து உதவி போய்க்கொண்டிருந்தது. அதை நடத்தியவர் ஆலிவர் நார்த். அவர் உளவு இலாகாக்காரர் அல்ல. கடற்படைக் காலாட்படையிலிருந்து இரவல் வந்த அதிகாரி. 1986 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபைக் கமிட்டியினர் அவரை நேரில் கேட்டார்கள். உண்மையை மறைத்துவிட்டார்! மறு வருஷம், பகிரங்க விசாரணையில் அதை அவரே ஒப்புக்கொண்டார்.

ஒரு கதவைப் பூட்டினால், இரவல் ஆள் மூலம் அடுத்த கதவு திறக்கிறது. அதனால்தான் ஆள் எங்கே போனாலும், ஜனப் பிரதிநிதிகளின் கண்ணும் கூடவே போக வேண்டியிருக்கிறது.

நம் வீட்டுப் பெண்கள் அண்டா, குண்டாவில் பெயர் வெட்டி வைக்கிறார்கள். எந்த வீட்டுக்கு இரவல் போனாலும், யாருடைய பாத்திரம் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். பாத்திரத்துக்கே அது வேண்டியிருக்கிறது. ரகசியம் தெரிந்த மனிதருக்கு வேண்டாமா?