வால்வோடு பெருந்தமனியும் மாற்ற வேண்டுமா?

இருதய வால்வை மாற்ற வேண்டுமென்று மருத்துவர் கூறியவுடன் ஒரு குடும்பம் அடையும் கலக்கம் நாம் அறியாததன்று. அக்கலக்கம் தணியுமுன்னரே, "வால்வுக்கு மேலுள்ள பெரிய இரத்தக்குழாயும் பெருத்திருக்கிறது, அதையும் சேர்த்து மாற்றிவிடுவோம்" என்று இரண்டாவது செய்தி வந்தால், வீட்டார் திகைப்பது இயல்பே. பணம் பறிக்கும் சூழ்ச்சியோ என்றுகூடச் சிலர் ஐயுறுவர். ஆதலின் இப்பொருளைச் சற்று விளக்க விழைகிறோம்.

இருதயத்தின் இடது கீழறையிலிருந்து உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் தலைவாய்க்கால் பெருந்தமனி. வளர்ந்தவர்களுக்கு, அது புறப்படும் பகுதியின் குறுக்களவு ஏறக்குறைய 3 முதல் 3.5 செ.மீ. வரை இருக்கும். அதன் வாயிலில் காவல் நிற்கும் வால்வுக்கு மூன்று இதழ்கள் உண்டு. ஆனால் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்கள்தாம். இவ்வால்வு நாளடைவில் சுண்ணம் படிந்து இறுகும்; அல்லது சரிவர மூடாமல் ஒழுகும். இவர்களுள் பலருக்குத் தமனியின் சுவரும் வலுவிழந்து விரிகிறது. ஆகவே வால்வை மட்டும் புதுப்பித்துவிட்டால் தமனி தானே சுருங்கிவிடும் என்று எண்ணலாகாது.

விரிந்த தமனி பெரும்பாலும் வலிப்பதில்லை. அதுவே அதன் கொடுமை. ஒருநாள் உட்சுவர் கிழிந்து, அடுக்குகளுக்கிடையே இரத்தம் பாய்ந்து, சில மணி நேரத்தில் உயிரே போகக்கூடும். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் 1760-ஆம் ஆண்டில் இறந்தபோது, அவருடலை அறுத்துப் பார்த்த மருத்துவர் கண்டது இத்தகைய கிழிவையே.

வால்வில் கோளாறில்லாதவருக்குத் தமனி 5.5 செ.மீ. அளவை எட்டும்போது அறுவைச் சிகிச்சை செய்வது பொது வழக்கம். வால்வுக்காக மார்பைத் திறக்கும்போதோ 4.5 செ.மீ. இருந்தாலே மாற்றுவது தகும் என்கின்றனர். மதகைச் செப்பனிட ஏரியை வடித்தவன், கரை கரைந்திருப்பதைக் கண்டும் வாளா இருப்பானோ? ஒருமுறை திறந்து மூடிய மார்பினுள் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மீண்டும் திறப்பது முன்னினும் ஆபத்தானது. எனினும் கூடுதல் வேலைக்கு இருதயத்தைக் கூடுதல் நேரம் நிறுத்திவைக்க வேண்டும். முதுமையினாலும் வேறு நோய்களாலும் தளர்ந்தவரிடம், சற்றே பெருத்த தமனியை விட்டுவைத்து ஆண்டுதோறும் அளந்து வருவதே சிலவேளை விவேகம்.

தமனியின் அடிப்பகுதி நன்றாயிருந்தால், அதற்கு மேலுள்ள பகுதியை மட்டும் வெட்டிச் செயற்கைக் குழாயை வைத்துத் தைப்பர். அடிப்பகுதியும் விரிந்திருந்தால், வால்வு பொருத்திய குழாயையே முழுதும் வைத்து, இருதயத் தசைக்கு இரத்தமளிக்கும் இரு சிறு தமனிகளின் வாய்களையும் அதில் இணைக்க வேண்டும். லண்டனில் பென்ட்டால், டி போனோ என்னும் இருவர் 1968-இல் வெளியிட்ட முறை இது. வால்வின் இதழ்கள் நலமாயிருப்பின் அவற்றைக் காத்துக் குழாயை மட்டும் மாற்றும் முறையை டொரான்டோவின் டேவிட் 1992-இல் வெளியிட்டார்.

அக்குழாய் நெய்யப்படுவது 'டெக்ரான்' இழையால். அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டிபேக்கி 1950-களின் தொடக்கத்தில் ஹூஸ்டன் நகரக் கடையொன்றில் நைலான் கேட்க, அது தீர்ந்துபோனதால் டெக்ரானை வாங்கி வந்து, வீட்டுத் தையல் இயந்திரத்தில் தாமே குழாயாகத் தைத்தார். அவருக்கே 2005 டிசம்பர் 31 அன்று தமனி கிழிந்தது. 97 வயதில் அறுவை வேண்டாமென்று மறுத்தார். பின்னர் நினைவிழந்த நிலையில், மருத்துவமனையின் அறநெறிக் குழு கூடி விவாதிக்க, மனைவியின் வற்புறுத்தலால் 2006 பிப்ரவரியில் அறுவை நடந்தது. டெக்ரான் குழாய் அவரையும் காத்தது. செய்தது நன்றே என்று அவரே பின்னர் கூறி, 2008 வரை வாழ்ந்தார். ஆயினும் அவர் மீளாதிருந்தால் அம்முடிவை நாம் எவ்வாறு மதிப்போம்? நினைவு தெளிவாயுள்ளபோதே நோயாளியின் விருப்பத்தை வீட்டார் கேட்டறிவது எவ்வளவோ மேல்.

உலோக வால்வு நீடித்துழைக்கும். ஆனால் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் 'வார்ஃபரின்' மாத்திரையும் அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் வேண்டும். திசு வால்வுக்கு அத்தொல்லை குறைவு. பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடும். எதுவாயினும் இரத்த அழுத்தத்தை அடக்கி வைப்பது கடமை. நெஞ்சிலோ முதுகிலோ திடீரெனக் கிழிப்பதுபோன்ற வலி வந்தால் வாயுவென்று சோடா குடித்துக் காலங்கடத்தாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இரண்டிதழ் வால்வு குடும்பவழி வருவதுண்டு. ஆகவே வீட்டில் ஒருவருக்கு அது இருப்பதாகத் தெரிந்தால், பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரும் ஒருமுறை 'எக்கோ' எடுத்துப் பார்க்கலாம். ஊசியில்லை, வலியில்லை, அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.