அரைப்புள்ளிக்குப் பின் ஒரு முக்காற்புள்ளி

“ஆய்வகக் கருவிகளை இனி ஏஐ-யே இயக்கிவிடும் என்கிறார்களே, அது மல்டிமீட்டரோடு எப்படிப் பேசும்?” என்று பாலிடெக்னிக்கில் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விளம்பரத்தில் ரோபோ கையும் நீல வெளிச்சமும் ஜொலிக்கும். கேபிளில் ஓடுவது பெரும்பாலும் 1990-இல் வகுத்த கட்டளை வரிகள்தான். அந்த முறைக்கு ஸ்கிப்பி என்று பெயர்.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஹியூலெட் பேக்கர்டு 1960-களில் உருவாக்கிய இணைப்பு, 1975-இல் ஐஇஇஇ 488 என்ற தரமானது. கேபிள் பொதுவானாலும் பாஷை பொதுவாகவில்லை. அவர்களுடைய 3478ஏ மீட்டரில் டிசி வோல்டேஜ் அளக்க ‘எஃப்1’ என்று அனுப்ப வேண்டும்; அடுத்த கம்பெனிக் கருவிக்கு அது புரியாது. 1987-இல் 488.2 பொது விதிகளைத் தந்தது. அதன்மேல் எழுந்ததே ஸ்கிப்பி.

என்னைக் கவர்ந்தது அதன் நிறுத்தற்குறிகள். கட்டளைகள் கிளைகிளையாகப் பிரியும். முக்காற்புள்ளி ஒரு படி உள்ளே இறக்கும். ‘சோர்ஸ்:வோல்டேஜ் 5;கரன்ட் 1’ என்று பவர் சப்ளைக்கு அனுப்புங்கள். (கருவிக்கு ஆங்கில எழுத்துதான் தெரியும், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.) அரைப்புள்ளி வந்தாலும் கருவி ‘சோர்ஸ்’ கிளையை விட்டு வெளியேறாது. ஆகவே ‘கரன்ட்’டையும் அங்கேயே தேடி எடுத்துக்கொள்ளும்.

புது மாப்பிள்ளையிடம் மாமியார் வேலை சொல்வதாக வையுங்கள். “சமையலறை, மேல் அலமாரி, உப்பை எடுங்க, மிளகையும் எடுங்க.” சரியாக எடுத்துவிடுவார். அடுத்து, “மொட்டை மாடி வடகத்தையும் எடுங்க.” அவர் மொட்டை மாடியை அலமாரிக்குள் தேடுவார்! “முதல்ல வாசலுக்கு வந்துடுங்க” என்று சொல்லியிருக்க வேண்டும். அரைப்புள்ளியை அடுத்து வரும் முக்காற்புள்ளி அதைத்தான் சொல்கிறது. ‘சோர்ஸ்:வோல்டேஜ் 5;:அவுட்புட் ஆன்’ வேலை செய்யும். அந்தக் குறியை விட்டால் வோல்டேஜ் 5 ஆகும், அவுட்புட் திறக்காது.

கூச்ச சுபாவம் வேறு. மாடி கிடைக்கவில்லை என்று வாய் திறக்க மாட்டார். ஒரு சீட்டில் ‘-113’ என்று எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ‘சிஸ்டம்:எரர்?’ என்று கேட்டால், பழையதிலிருந்து தொடங்கி ஒரு தடவைக்கு ஒரு சீட்டு நீட்டுவார். பை நிரம்பினால் கடைசிச் சீட்டைக் கிழித்துவிட்டு, ‘-350: நிரம்பிவிட்டது’ என்ற சீட்டை வைப்பார். அவர் பதிலை வாங்கிக்கொள்ளாமலே அடுத்த வேலை ஏவினால், பதிலை விழுங்கிவிட்டு ‘-410’ எழுதுவார். இப்படிப்பட்டவருக்கு எந்த மாமியாரும் பெண் கொடுக்க மாட்டார், போகட்டும்.

கருவி மௌனமாக இருப்பதுதான் ஆபத்து. அவுட்புட் மூடிக் கிடக்க, மீட்டர் சுழியத்தை ஒட்டிய எண்ணை வாசிக்க, நிரல் அதையும் ‘தரவு’ என்று சேமிக்கும். அளவு மீறினால் மீட்டர் 9.9 பெருக்கல் 10-இன் 37-ஆம் அடுக்கு என்று பதில் தரும். ஸ்கிப்பியில் அது முடிவிலிக்கான அடையாளம். தெரியாத நிரல் அதையும் சேர்த்துச் சராசரி போட்டுவிடும்.

வாசகருக்குப் பதில்: ஏஐ இந்த வரிகளை எழுதும், நீங்களும் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். யாராவது உங்கள் கல்லூரிக்குத் ‘தானியங்கி ஆய்வகம்’ விற்க வந்தால், ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு அது ‘சிஸ்டம்:எரர்?’ கேட்கிறதா என்று விசாரியுங்கள்.